ஒரு விரல் இடைவெளி

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்துக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் முன்வாசலில் இறக்கிவிடுவார்கள். பெண்கள் விடுதி என்றால், அதில் எது என்று கேட்பார்கள். பூசாத ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. வண்டி பின்பக்கத் தெருவுக்குத் திரும்பிவிடும்.

நூறு வருஷத்தைத் தாண்டிய கல்லூரி அது. முன்கட்டடத்தில் செங்கல் வளைவுகள், சுண்ணாம்புச் சுவர், மரப்படி எல்லாம் உண்டு. கல்லூரி நாட்காட்டியில் வருஷா வருஷம் அந்தக் கட்டடத்தின் படம்தான் வரும். பின்னால் இருக்கிற எங்கள் விடுதியின் படம் எதிலும் வந்து நான் பார்த்ததில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வெளியூர்க்காரர் வரைந்து கொடுத்து, முழுக்கக் கான்கிரீட்டில் எழுப்பியது. தரைத்தளத்தில் சுவரே இல்லை, தூண்கள் மட்டும். அதன்மேல் மூன்று மாடி. வெயில் உள்ளே இறங்காமலிருக்க ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு பக்கமும் கான்கிரீட் பலகைகள் செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளேயும் பூச்சு இல்லை, வெளியேயும் இல்லை. கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பலகையின் ரேகையும் ஆணித்தலையும்கூடச் சுவரில் பதிந்திருக்கும். அது வேண்டுமென்றே அப்படி விட்டது என்று வார்டன் ஒருமுறை சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. காண்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டார் என்பதுதான் ஊரின் முடிவு.

பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் செய்வது சுவரைத் தட்டிப் பார்ப்பதுதான். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

“ஏம்மா, எப்பப் பூசுவாங்க?”

“இது இப்படித்தாங்க.”

“இப்படித்தான்னா? எங்கூருல மாட்டுக்கொட்டாய்க்கே பூசிட்டாங்க.”

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். “புள்ளையச் சேக்க வந்தீங்களா, கொத்து வேல பாக்க வந்தீங்களா? பாரத்துல கையெழுத்தப் போடுங்க.”

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பராமரிப்பு உதவியாளர் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். குழாய் ஒழுகினாலும் கதவு மூடாவிட்டாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் கூப்பிடுவது என்னைத்தான். அதற்கு முன்னால் பதினாலு வருஷம் சித்தாள். கலவை கலப்பது, கல் எடுத்துக் கொடுப்பது, கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளை நானே பூசிவிடுவது. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஒன்பதாவதுக்குக் கந்தர்வக்கோட்டைக்கு பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் என்ன ஆகுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அவர்கள் எல்லோரையும்விட எனக்கு அதிகம்.

அந்தக் குணம் போகவில்லை. எது நிற்கிறதோ அது விழுந்துவிடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். மாலையில் வேலை முடிந்து பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய், மோட்டாரை நிறுத்தினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வருவேன். பிள்ளைகளுக்கு இது பெரிய கேலி.

“அக்கா, மோட்டாரு ஆஃப். நாங்க மூணு பேரு சாட்சி. போட்டோ வேணுமா?”

வேண்டும் என்பேன். அனுப்புவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த சுவிட்சின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரை, பெண்கள் விடுதிக்குப் பெண் ஆள்தான் வேண்டும் என்று, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆண்கள் விடுதிக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மூன்று மாடியையும் அரைமணி நேரத்தில் சுற்றிக் காட்டினார். விடுதி உண்மையில் இரண்டு கட்டடம். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டும் சேருகிற இடத்தில் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் ஒரே கோடாகப் பிளந்துகொண்டு விரல் நுழைகிற அகலத்தில் ஓர் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஓடியது. அதில் ஏதோ தார் அட்டை மக்கிப்போய்க் கிடந்தது. அவர் அந்த இடத்தைச் செருப்புக் காலால் தட்டினார்.

“இந்தா, இங்கன விட்டிருக்கு. பாத்துக்க.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்து தண்ணீர்த் தொட்டியைக் காட்டப் போய்விட்டார்.

தையல் விட்டிருக்கு என்கிறோம். ஒட்டு விட்டிருக்கு என்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கட்டடம் அந்த இடத்தில் பிரிந்திருக்கிறது, கவனித்துக்கொள் என்கிறார் என்று. திருப்பிக் கேட்டிருக்கலாம். பதினாலு வருஷம் கட்டட வேலை செய்தவள் என்று சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். கேட்கவில்லை.

அந்த வருஷ மழையில் இடைவெளி வழியாகத் தண்ணீர் மாடிக்கு மாடி சொட்டியது. ஒரு பிள்ளை வழுக்கி விழப் பார்த்தாள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த இடத்தில் சாக்கு போட்டுக்கொண்டே இருந்தேன். பொங்கல் முடிந்து விடுதி திறந்ததும் மக்கிய அட்டையைச் சுரண்டி எடுத்தேன். மணலைச் சலித்து, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் என்று மூன்றுக்கு ஒன்று கலவை போட்டேன். கரண்டி நுழையாத இடத்தில் விரலால் அழுத்தினேன். மூன்று மாடிக்கும் ஒன்பது நாள் ஆனது. அப்போதிருந்த வார்டன் வந்து பார்த்து, “பரவால்லியே, நீட்டா இருக்கே” என்றார். நான் வேலையில் நிலைத்துவிட்டேன் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

அடுத்த தையில் பார்த்தால் என் பூச்சின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பிளவு. மறுபடி விட்டுவிட்டதே என்று கலக்கமாக இருந்தது. சிமெண்ட்டைப் பால்போலக் கரைத்து ஊற்றி அடைத்தேன். அதற்கடுத்த தையிலும் மயிரிழை, அதற்கடுத்த தையிலும் மயிரிழை. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் லீவு முடிந்த கையோடு அதை அடைப்பது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஐந்தாவது வருஷம் கோடையில், இடைவெளியை ஒட்டிக் கிழக்குப் பக்கம் இருந்த இரண்டாம் மாடி அறையில், ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பியது. நான் பென்சிலை எடுத்து, விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதினேன். யாரும் கற்றுத் தந்ததில்லை. நேற்று இருந்ததைவிட இன்று நீண்டிருக்கிறதா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடாது என்பதால் எழுதினேன். பிறகு மாதம் ஒருமுறை பார்த்து, நீண்டிருந்தால் புதுக் கோடு. பிள்ளைகள் அதையும் விடவில்லை. “அக்கா, செவுரு எத்தன செ.மீ. வளந்திருக்கு? எங்களவிட நல்லா வளருதே” என்பார்கள்.

இப்போதிருக்கிற வார்டன் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவர். நல்ல மனுஷி, ஆனால் சுவரில் கிறுக்குவது அவருக்குப் பிடிக்காது. “ஏம்மா, புள்ளைங்க கிறுக்குனா ஃபைன் போடுறேன். நீயே கிறுக்குனா நான் என்ன செய்ய?” என்று ஒருநாள் சொன்னார். அதன்பிறகு சின்னதாக எழுதிக்கொண்டேன்.

இந்த வருஷம் பங்குனிக் கடைசியில், மூன்றாம் மாடி நடைபாதையில், இடைவெளியை ஒட்டியிருந்த கைப்பிடிச் சுவரிலிருந்து தேங்காய் அளவுக் கான்கிரீட் துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. மத்தியானம் மூன்று மணி. எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். துணி காய்கிற இடத்தில் விழுந்து ஒரு பிளாஸ்டிக் வாளி உடைந்தது. அவ்வளவுதான் சேதம். அந்த வாளியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

நான்காம் நாள் திருச்சியிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கல்லூரி நிர்வாகம் அழைத்திருந்தது. வார்டனும் நானும் கூடப் போனோம். என் கையில் சாவிக்கொத்து. இரண்டாம் மாடி அறையில் கட்டிலை நகர்த்தச் சொல்லி விரிசலைப் பார்த்தவர், என் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே குனிந்து நின்றார். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தார்.

“இத யாரு போட்டது?”

வார்டன் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இவங்கதான் சார். பயந்த சுபாவம். ஆனா கண்ணுல எதுவும் தப்பாது.”

“ரொம்ப நல்ல வேலைம்மா. பெரிய ஆபீஸ்ல உள்ளவங்களே இதச் செய்ய மாட்டாங்க” என்றார் என்ஜினியர். எனக்குக் காது சூடானது. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு நடைபாதைக்கு வந்து, இரண்டு கட்டடமும் சேருகிற இடத்தில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். என் பூச்சை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“மேடம், இது எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டு. கட்டும்போதே வேணும்னு விட்ட எடம். வெயில்ல கான்கிரீட்டு நீளும், பனியில சுருங்கும். நீள்றதுக்கு எடம் வேணும்ல? அதுக்காக விட்டிருக்கு. இதுல யாரோ கலவையப் போட்டு இறுக்கி வச்சிருக்காங்க.”

விட்டிருக்கு என்று அவர் சொன்னதும் பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்தச் செருப்புக் கால் எனக்குத் தெரிந்தது.

“யாரு அடச்சது? எப்ப?” என்று கேட்டார்.

வார்டன் சொன்னார்: “அது ஆதியிலேர்ந்தே அப்படித்தான் சார். நான் வந்தப்பவே அடஞ்சுதான் இருந்துச்சு.”

அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. அவர் பொய் சொல்லவில்லை. ஓரடி தூரத்தில் நின்றவள் நான். சற்று முன்னால்தான் நல்ல வேலை என்று பெயர் வாங்கியிருந்தேன். வாய் திறக்கவில்லை.

என்ஜினியர் தலையை ஆட்டினார். “கட்டுன காலத்துலேர்ந்தே அடஞ்சிருந்தா, விரிசலும் அப்பவே வந்திருக்கணும் மேடம். இது ஆறு வருஷமாத்தான் வருது, தேதி தெளிவா இருக்கு. அப்ப காரணம் இது இல்ல. அஸ்திவாரம் எறங்குதுன்னுதான் எடுத்துக்கணும். டெஸ்ட் முடியறவரைக்கும் கிழக்குக் கட்டடத்துல ஆள வைக்காதீங்க.”

என் கோடுகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவர் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவரைத் திருப்பிவிட என்னால் மட்டும்தான் முடியும். அது எனக்கு அப்போதே புரிந்தது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கிழக்குக் கட்டடத்தில் இருக்கிறவர்கள் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். மேற்கே இடம் இல்லை. செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்துபோகலாம். மற்றவர்கள் அவரவர் பாடு.

இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மூடிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆளில்லாத கட்டடம் விழுந்தால் யார்மேலும் விழாது. பதினோரு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த விஷயம், வாயை மூடிக்கொண்டு இருந்தாலே தீர்ந்துவிடும். அந்த நினைப்பு எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் முதல் மாடியில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கிழக்குக் கட்டடத்துப் பிள்ளை ஒருத்தி தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு மூன்றாம் வருஷம். ஆவுடையார்கோவிலுக்கும் அப்பால் ஏதோ கிராமம். மோட்டார் படம் அனுப்புகிறவர்களில் அவளும் ஒருத்தி.

“என்ன பாப்பா, இப்பவே கட்டுற? இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல?”

“எங்கப்பாவுக்கு யாரோ நோட்டீஸ போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்கக்கா. வெள்ளிக்கெழம லோடு ஆட்டோவோட வாராரு.”

“பரிச்சைக்கு அங்கேருந்து வந்துக்கலாம்ல?”

அவள் சிரித்தாள். “எங்கூருலேர்ந்து காலைல ஒரே பஸ்ஸு. அது ஆவுடையார்கோவில் வந்து, அங்கேருந்து இங்க வாரதுக்குள்ள ஹால்ல பேப்பர வாங்கி வச்சிருப்பாங்க. அதில்லக்கா விஷயம். மாப்ள வீட்டுக்காரங்க ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. பரிச்ச இருக்கு, பரிச்ச இருக்குன்னுதான் தள்ளிக்கிட்டு இருக்கேன். வீட்டுல போயி உக்காந்தேன்னா அவ்வளவுதான். பந்தக்கால் நட்டுருவாங்க.”

“சொல்லிப் பாரேன்.”

“சொன்னேனே. ஹாஸ்டலு பாதுகாப்புன்னுதானே மூணு வருஷமா விட்டிருக்கேன், அதுவே விழுவுதுன்னா அப்புறம் என்ன படிப்புங்கறாரு. அவரு சொல்றதும் நாயந்தானே?”

பெட்டியின் மூடியை இன்னொரு தரம் துடைத்தாள். நான் வாஷரை மாட்டினேன். தண்ணீர் நின்றது. சாமான்களை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்தைக் கடந்து ஆண்கள் விடுதிக்குப் போனேன். எனக்கு முந்தியவர் அங்கே ஒரு நாற்காலிக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னிக்கு மாடியில நடுவுல காட்டுனீங்களே, என்ன சொன்னீங்க?”

“என்னிக்கு?”

“நான் வேலைக்குச் சேந்தன்னிக்கு.”

“அடியாத்தா. பதினோரு வருஷம் கழிச்சா சந்தேகம் கேக்குற?” ஆணியை வாயிலிருந்து எடுத்தார். “விட்டிருக்குன்னு சொன்னேன். தார் அட்ட மக்குனா மாத்தணும், தண்ணி எறங்காம மேல தகரம் அடிக்கணும், அதப் பாத்துக்கன்னு சொன்னேன். ஏன்?”

“அட்டைய எல்லாம் சொல்லலண்ணே. விட்டிருக்கு, பாத்துக்கன்னு மட்டுந்தான் சொன்னீங்க. நான் அடச்சுட்டேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடச்சியா? விட்டிருக்குன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே தங்கச்சி! எதுல அடச்ச?”

“மூணுக்கு ஒண்ணு.”

“அதுலயும் குறை வைக்கல நீ” என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து முடித்ததும் அவர், “யாருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்” என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். தன் நன்மைக்கும் இருக்கலாம்.

திரும்பி வரும்போது வார்டன் அறையில் தனியாக இருந்தார். காலி செய்கிறவர்களின் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றே சொன்னேன்.

“மேடம், அந்த ஜாயிண்ட்ட அடச்சது நாந்தான்.”

அவர் பேனாவை மூடினார். “எது?”

“நடுவுல இருக்கறது. நான் வந்த வருஷம் அடச்சேன். அப்புறம் வருஷா வருஷம் தையில அடச்சேன்.”

“இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல? நான் அந்த மனுசங்கிட்ட ஆதியிலேர்ந்தேன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அத ரிப்போர்ட்டுல வேற எழுதிட்டாரு. இப்ப நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருச்சே!” எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து போனை எடுத்தார். அவர் சத்தம் போட்டது அவ்வளவுதான். எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். “நீயே சொல்லு.”

சொன்னேன்.

“எந்த மாசம் அடைப்பீங்க?” என்று என்ஜினியர் கேட்டார்.

“தை மாசம் சார். பொங்கல் லீவு முடிஞ்சு.”

“ஏன் தையில?”

“அப்பத்தான் சார் மயிரிழை விடும்.”

“விடும். பனியில சுருங்கும்போது விடும். அத நீங்க அடச்சிருவீங்க. சித்திரையில அது நீள வரும்போது எடமிருக்காது. அடுத்த தையில மறுபடி.” அவர் எனக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. “கோடெல்லாம் பங்குனி, சித்திர, வைகாசியிலதான் நீண்டிருக்கு. நான் அதப் பாக்காம விட்டுட்டேன். சரி. வெள்ளிக்கெழம வாரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொட வேண்டாம். முக்கியமா நீங்க தொடாதீங்கம்மா.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கூட ஒரு கொத்தனார். பத்து மணிக்கு லோடு ஆட்டோவும் வந்துவிட்டது. கணக்குப் பிள்ளையின் அப்பா இறங்கினார். வேட்டி, சட்டை, தோளில் துண்டு. ஒல்லியான ஆள். நேரே மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணே, செத்த இருங்க. மேல பாத்துக்கிட்டு இருக்காங்க. மாறினாலும் மாறும்” என்றேன்.

“என்ன மாறும்?”

“மூட வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க.”

அவர் என்னை நம்பவில்லை. ஆனால் ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் தூணடியில் உட்கார்ந்தார். பிள்ளை பெட்டியின்மேல் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

மேலே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கலந்த கலவை நன்றாகவே பிடித்திருந்தது. ஓரடி உடைக்கக் கொத்தனாருக்கு ஒரு மணி நேரம் ஆனது. “எந்தப் புண்ணியவான் போட்டான், இரும்பா இருக்கு” என்று அவர் சொன்னது நடைபாதை முழுக்கக் கேட்டது. வார்டன் என்னைப் பார்க்கவில்லை. உடைத்த இடத்தில், கான்கிரீட்டின் விளிம்புகள் இரண்டு பக்கமும் நசுங்கிப் பொடியாகியிருந்தன. பிறகு என்ஜினியர் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து, கீழே தூண்களில் ஒவ்வொன்றாக மட்டம் பார்த்தார். கணக்குப் பிள்ளை உட்கார்ந்திருந்த தூணில் பார்க்கும்போது, அவள் எழுந்து நின்று டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாத் தூணும் ஒரே மட்டம். அஸ்திவாரம் இறங்கவில்லை. இறுக்கித்தான் வெடித்திருக்கிறது என்றார் என்ஜினியர். இடைவெளியை முழுக்க அறுத்துத் திறக்க வேண்டும், அதை ஒட்டிய அறைகளை மாடிக்கு இரண்டு வீதம் பூட்ட வேண்டும், நடைபாதையின் அந்த முனையைக் கயிறு கட்டி மறிக்க வேண்டும், மற்ற அறைகளில் பிள்ளைகள் இருக்கலாம். வார்டன் போனில் முதல்வரிடம் பேசினார். பிறகு செயலரிடம் பேசினார். மறுபடி முதல்வரிடம். ஒரு மணி வாக்கில் வந்து அறிவிப்பைக் கிழித்துவிட்டு, வேறொன்றை எழுத உட்கார்ந்தார்.

அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். அவர் என்ஜினியரிடம் போகவில்லை. வார்டனிடமும் போகவில்லை. என்னிடம் வந்தார்.

“நீதானாம்ல அடச்சது? மேல பேசிக்கிட்டாங்க.”

“ஆமாங்கண்ணே.”

“ஒம்பொண்ணா இருந்தா இங்க விடுவியா?”

எனக்கு ஒரே மகன். திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் விஷயத்தில் இந்தக் கேள்வி வந்ததில்லை. உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டப்போற ரூமுல விட மாட்டேன். இவ ரூமு அங்கேருந்து நாலாவது. அதுல விடுவேன். விட்டுட்டு தெனமும் பயப்படுவேங்கண்ணே. ஆனா நான் எங்க விட்டாலும் பயப்படுவேன்.”

அவர் மாடியை ஒருதரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“பரிச்ச என்னிக்கு முடியுது?” என்று மகளைக் கேட்டார்.

“இன்னும் இருவத்திரண்டு நாளுப்பா.”

“தெனமும் போன் பண்ணணும்.”

“பண்றேம்ப்பா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு…”

“ஒன்னய யாரு கேட்டா? நீ நல்லாருக்கேன்னுதான் சொல்லுவ.” என் பக்கம் திரும்பினார். “இந்தாத்தா, நீ பண்ணு. நம்பர எழுதிக்க.”

பெட்டியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து மறுபடி மாடியில் ஏற்றினோம். ஆட்டோக்காரர் வெறும் வண்டியோடு அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடு என்றார்கள். நடந்ததை முழுக்கச் சொன்னதும், முந்தியவர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதலாமே என்றார் வார்டன். அப்படி எழுதினால் அவருக்கும் ஒரு மெமோ போகும். நானாகவே அடைத்தேன், யாரையும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இனி எழுத்து மூலமான உத்தரவில்லாமல் சிமெண்ட்டைத் தொடக் கூடாது என்று பதில் வந்தது. வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடைவெளியை அறுக்க ஆறு நாள் ஆனது. மெஷின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று பிள்ளைகள் முன்கட்டடத்து மரப்படியில் போய் உட்கார்ந்து படித்தார்கள். நான் தினமும் மாலை ஐந்து மணிக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் போகுமுன், அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், “ஒண்ணும் விழலைங்கண்ணே” என்றேன். “சரித்தா” என்று வைத்துவிட்டார். மறுநாளும் அதையே சொன்னேன். ஒருநாள் ஐந்தரை ஆகிவிட்டது. அவரே கூப்பிட்டார். “என்னத்தா, ஏதும்…?” என்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், மறந்துவிட்டது என்றேன். இப்படிப் பண்ணாதே என்றார்.

இருபத்திரண்டாம் நாள் பன்னிரண்டரை மணிக்குக் கடைசிப் பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி மை தெளித்துக்கொண்டு முன்கட்டடத்திலிருந்து வந்தார்கள். அவள் துப்பட்டா முழுக்க நீலம். ஐந்து மணிவரை பொறுக்க முடியாமல் அங்கேயே போனை எடுத்தேன்.

“பரிச்ச முடிஞ்சிருச்சுங்கண்ணே. நல்லா எழுதியிருக்காளாம்.”

“கட்டடம்?” என்றார்.

“நிக்கிதுங்க” என்றேன்.